றொசல்லக்காரி செய்த மெனிபோல்ட்

1

எங்கள் கார் பரிசோதனையில் தோற்ற செய்தி என் தங்கச்சி மூலம் ஊரில் இருக்கும் உங்களுக்கு ஏற்கெனவே வந்திருக்கும். எங்கள் தேயிலைத் தோட்டத்தில், றொசல்லயில், அவள் காதில் போட்ட விஷயம் ஹட்டன் பஸ் ஸ்டாண்டுக்குப் போய்ச் சேர அரை நாள் போதும். அவள் எப்படிச் சொல்லியிருப்பாள் என்பதும் எனக்குத் தெரியும்: "அக்கா அங்க காரு ஒண்ணு செஞ்சிச்சாம், கவுர்மெண்டுகாரங்க ஓட்டக் கூடாதுன்னுட்டாங்களாம்." அதில் பாதி தப்பு. நான் கார் செய்யவில்லை. என் மகளின் பழைய ஜப்பான் காருக்கு டர்போ பூட்டினேன். அதற்கு வேண்டிய குழாய்களை என் கையால் செய்தேன். ஓட்டக் கூடாது என்றது அரசாங்கமும் இல்லை. கையெழுத்துப் போடும் உரிமையை அரசாங்கம் கொடுத்து வைத்திருக்கிற ஒரு தனி மனிதர். மீதிப் பாதி உண்மை. ஆகவே முழுக் கதையையும் நானே எழுதிவிடுகிறேன்.

இந்த மாதத்தோடு நான் மெல்போர்னுக்கு வந்து இருபத்தைந்து வருஷம். இப்படி ஒரு கணக்கு வந்ததும் ஊரை நினைத்து உருகி எழுதுவது வெளிநாட்டில் இருப்பவர்களின் வழக்கம். மன்னிக்க வேண்டும், என்னால் முடியாது. மழைக்கு ஒழுகிய ஒற்றை அறை லயத்துக் காம்பராவை நினைத்து உருக எனக்கு ஒன்றும் இல்லை. இங்கே எனக்கு ஒழுகாத கூரை இருக்கிறது, சொந்தமாக ஒரு வெல்டிங் மெஷின் இருக்கிறது, வாயும் இருக்கிறது. மூன்றையும் வைத்துக்கொண்டு நான் போட்ட சண்டையைத்தான் எழுதப் போகிறேன்.

எதற்குச் சண்டை என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். என் மகள் ஷாலினி நர்ஸ். இங்கிருந்து ஒரு பகல் முழுக்க ஓட்ட வேண்டிய தூரத்தில், நாட்டின் உட்பகுதி டவுன் ஒன்றின் ஹொஸ்பிட்டலில் அவளுக்கு வேலை கிடைத்தது. மாதக் கடைசியில் போய்ச் சேர வேண்டும். இந்த நாட்டில் காரின் என்ஜினில் கை வைத்தால், அது பாதுகாப்பானது என்று சான்றிதழ் வாங்கியாக வேண்டும். அது கிடைத்தால் கார் அவளோடு போகும். கிடைக்காவிட்டால் விற்றுவிடுவேன் என்றாள். ஒருவன் வந்து பார்த்து, என்ஜினை மட்டும் கழற்றிக்கொண்டு மிச்சத்தை இரும்புக்குப் போடுவதாகச் சொல்லியும் வைத்திருந்தான்.

ஒரு பழைய கார் போனால் என்ன என்று கேட்பீர்கள். நானும் என் மகளும் பேசிக்கொள்ள அந்தக் கார் ஒன்றுதான் மிச்சம். பதின்மூன்று, பதினான்கு வயதில் அவள் தமிழ் பேசுவதை நிறுத்திக்கொண்டாள். பிறகு கோயிலுக்கு வருவதை நிறுத்தினாள். பிறகு எங்களோடு உட்கார்ந்து சாப்பிடுவதையும் நிறுத்தினாள். ஆனால் ஞாயிற்றுக்கிழமை காருக்கு அடியில் படுத்துக்கொண்டு, கையை மட்டும் வெளியே நீட்டி, "அம்மா, பத்தாம் நம்பர் சாவி குடுங்க" என்று தமிழிலேயே கேட்பாள். அந்தக் கையில் ஸ்பேனரை வைக்கும்போதெல்லாம் எனக்கு நெஞ்சு நிறையும். கார் போனால் அந்தக் கையும் போய்விடும் என்று பயந்தேன்.

இனி வரும் பேச்சில் அவளும் இங்குள்ளவர்களும் ஆங்கிலத்தில் சொன்னதையெல்லாம் நம் பேச்சிலேயே எழுதுகிறேன். அவள் தமிழில் பேசிய இடங்களைத் தனியாகச் சொல்கிறேன், ஏனென்றால் அவை எனக்கு முக்கியம்.

2

டர்போ என்றால் என்ன என்று தங்கச்சி கேட்டாள். அவளுக்குச் சொன்னதை உங்களுக்கும் சொல்கிறேன்.

பெட்ரோல் எரியக் காற்று வேண்டும். சாதாரண என்ஜின் தன்னால் முடிந்த காற்றை இழுத்துக்கொள்ளும், அவ்வளவுதான் அதன் சக்தி. டர்போ என்பது ஒரே தண்டில் இருக்கும் இரண்டு சின்ன விசிறிகள். என்ஜின் வெளியே தள்ளும் சூடான புகை ஒரு விசிறியைச் சுழற்றும். அது சுழன்றால் மற்றதும் சுழலும். அந்த மற்றது வெளிக்காற்றை அழுத்தி என்ஜினுக்குள் தள்ளும். வீணாய்ப் போகிற புகையே வேலை செய்கிறது. என்ஜினின் நான்கு வாயிலிருந்தும் புகையை எடுத்து ஒன்றாகச் சேர்த்து டர்போவிடம் கொண்டுபோய்க் கொடுக்கும் குழாய்க் கூட்டத்துக்குப் பெயர் மெனிபோல்ட். அதைத்தான் நான் செய்தேன்.

முதல் தடவை இந்த விளக்கத்தைக் கேட்டபோது எனக்கு எங்கள் தோட்டத்துக் கொழுந்து லொறிதான் ஞாபகம் வந்தது. ஃபெக்டரிக்குப் போகும் வழியில் அது டிஸ்பென்சரிக்குப் போகிறவர்களையும் ஏற்றிக்கொள்ளும். கடைசி வளைவு ஏற்றத்தில் திணறும். உடனே டிரைவர் தலையை வெளியே நீட்டி, "எல்லாரும் எறங்குங்க" என்பார். கொழுந்து இறங்காது, நாங்கள் இறங்குவோம். ஒருநாள் எங்கள் அம்மாவுக்குக் காய்ச்சல் நெருப்பாய்க் கொதித்தது. அன்றைக்கும் இறங்கித்தான் நடந்தார். அவர் என் தோளைப் பிடித்துக்கொண்டு ஏற, கொழுந்து மூட்டைகள் எங்களைத் தாண்டிப் போயின. எனக்கு அப்போது வயது ஒன்பதோ பத்தோ. அந்தக் கோபம் இன்னும் ஆறவில்லை, ஆற வேண்டும் என்றும் நான் நினைக்கவில்லை.

ஆகவே டர்போ எடுக்கும்போது ஷாலினியின் சிநேகிதர்கள் எல்லாம் பெரியதாக வாங்கச் சொன்னார்கள். நான் மறுத்தேன். பெரிய டர்போ சமதரையில் நேர் ரோட்டில் பறக்கும். ஆனால் விழித்துக்கொள்ள நேரமெடுக்கும். சின்னது மெதுவாகப் போகும்போதே வேலையைத் தொடங்கிவிடும். ஏற்றத்துக்கு அதுதான். "இங்க அப்படி ஏத்தம் எங்க இருக்கு அம்மா?" என்றாள் ஷாலினி. "ரோட்டுல இல்லாட்டி பரவாயில்ல, காருல இருக்கட்டும்" என்றேன். பொறுமை இழந்த முகத்தோடு சரி என்றாள்.

3

தையல்காரி ஒருத்தி இரும்புக்கு எப்படி வந்தாள் என்பதையும் சொல்ல வேண்டும். ஹட்டனில் கார்மெண்ட் ஃபெக்டரியில் வேலை செய்தேன், வெட்டும் பிரிவில். அட்டையில் வரைந்து, அட்டையைத் துணிமேல் வைத்து வெட்டுவது. இங்கே வந்து கார் சீட்டுகளுக்கு உறை தைக்கும் கடையில் சேர்ந்தேன். பக்கத்துக் கட்டடத்தில் சைலன்சர் வேலை. அவர்கள் வெல்டிங் செய்யும் நீல வெளிச்சத்தைக் கறுப்புக் கண்ணாடி வழியாக ஒருநாள் பார்க்கக் கொடுத்தார்கள். அடுத்த மாதமே தொழிற்கல்லூரியில் மாலை வகுப்பில் சேர்ந்துவிட்டேன். வகுப்பில் நான் ஒருத்திதான் பெண். இப்போது பால் ஃபெக்டரிகளுக்கு எவர்சில்வர் குழாய் இணைக்கும் கம்பெனியில் இருக்கிறேன். பால் போகும் குழாயின் உட்பக்கம் வெல்டிங்கில் ஒரு சொரசொரப்பு இருந்தாலும் அங்கே பால் தங்கிக் கெட்டுப்போகும். ஆகவே வெளிப்பக்கத்தைவிட உட்பக்கம் சுத்தமாக இருக்க வேண்டும்.

ஆங்கிலம் மட்டும் அன்றும் இன்றும் தகராறுதான். குழாய் சரிவில்லாமல் படுத்துக் கிடக்கிறது என்பதை ஆங்கிலத்தில் சொல்லப்போய், குழாய் தூங்குகிறது என்று ஒருமுறை சொல்லிவிட்டேன். எல்லாரும் சிரித்தார்கள். இப்போது எங்கள் கம்பெனியில் எல்லாரும் அப்படித்தான் சொல்கிறார்கள். யார் யாருக்குக் கற்றுக்கொடுத்தது என்று நான் கேட்பதில்லை.

மெனிபோல்டை நான் துணி வெட்டுகிற மாதிரியே செய்தேன். முதலில் அட்டை. பொனட்டுக்குள் ஸ்டியரிங் தண்டு, பிரேக் குழாய், பேட்டரி எல்லாவற்றுக்கும் நடுவில் எங்கே இடம் இருக்கிறது என்று அட்டை உருளைகளை ஒட்டி ஒட்டிப் பார்த்தோம். கடையில் விற்கும் மெனிபோல்ட் இந்தக் காருக்கு உட்காராது. அது இடதுபக்கம் ஸ்டியரிங் வைத்த நாடுகளுக்குச் செய்தது. நம் ஊரிலும் இங்கேயும் தண்டு வலதுபக்கம், நேராகக் குழாய் போகும் இடத்தில். வளைவுகளுக்குக் குழாயைச் சாய்ந்த துண்டுகளாக அறுத்து, குடைப் பாவாடைக்குத் துண்டு வைப்பதுபோல் ஒன்றோடொன்று சேர்த்தேன். நான்கு குழாயும் ஒரே நீளம் வர வேண்டும் என்பதற்காக ஒன்று நேராகப் போகும், ஒன்று சுற்றி வரும்.

முதல் தடவை நான்குமே நீண்டுவிட்டன. டர்போ பொனட்டில் முட்டியது. ஷாலினி அளந்து பார்த்துவிட்டு, "எல்லாத் துண்டுலயும் ஒரே அளவு கூடுதலா இருக்கு அம்மா, எப்படி?" என்று கேட்டாள். எனக்கு உடனே விளங்கிவிட்டது. ஒவ்வொரு துண்டிலும் இரண்டு பக்கமும் தையலுக்கு விளிம்பு விட்டிருந்தேன். இரும்பை மடித்தா தைக்கப் போகிறேன்? கை பழக்கத்தில் விளிம்பு விட்டுவிட்டது. அவள் கராஜ் தரையில் உட்கார்ந்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். மறுபடி எல்லாவற்றையும் அறுத்தோம். அவள் அறுப்பாள், நான் சேர்ப்பேன். மூன்று வருஷ ஞாயிற்றுக்கிழமைகள் இப்படிப் போயின. அவளுடைய அப்பா பேக்கரி வேலை முடிந்து வந்து எட்டிப் பார்த்து, "சாப்பாடு இருக்கா, இல்ல இன்னைக்கும் இரும்புதானா?" என்று கேட்டுவிட்டுப் போவார்.

4

பரிசோதகரிடம் காரைக் கொண்டுபோவதற்கே ஒருநாள் அனுமதி தனியாக வாங்க வேண்டும். அதற்கு ஃபோன் செய்தால் ஒவ்வொரு தடவையும் வேறொருவர் எடுப்பார், ஒவ்வொருவரும் வேறொன்று சொல்வார். ஷாலினிக்குக் கோபம் கோபமாக வந்தது. எனக்கு வரவில்லை. பிறந்த நாட்டிலேயே, நீ இந்த நாட்டுக்காரன்தான் என்ற ஒரு காகிதத்துக்காக எங்கள் அப்பா பாதி ஆயுள் அலைந்தார். அவர் மகளுக்கு ஃபோனில் காத்திருக்கச் சொல்லி வாசிக்கும் இசை ஒரு பொருட்டா.

பரிசோதகர் வயதானவர், மரியாதையானவர். கெட்டவர் என்று எழுத எனக்கு ஆசைதான், ஆனால் பொய்யாகிவிடும். அவருடைய கொட்டகையில் காரை நிறுத்தி என்ஜினை ஓடவிட்டார். பிரேக்கைப் பார்த்தார், பெல்ட்டைப் பார்த்தார். அதற்குள் பின்னாலிருந்து நீலப் புகை வரத் தொடங்கியது. நீலப் புகை என்றால் ஒயில் எரிகிறது என்று அர்த்தம். வீட்டில் எத்தனையோ தடவை ஓடவிட்டிருக்கிறோம், ஒருநாளும் புகைத்ததில்லை.

"இதச் சரி பண்ணணும்" என்றார். பிறகு டோர்ச் அடித்து மெனிபோல்டை நெடுநேரம் பார்த்தார். "அழகா இருக்கே. எந்தப் பட்டறை?"

"நான்தான் செஞ்சேன்" என்றேன்.

"எங்க?"

"வீட்டுல."

அவர் நிமிர்ந்தார். அந்த நிமிர்வை நான் நன்றாக அறிவேன். இங்கே நம் நாட்டுத் தமிழர் கூடும் விழா ஒன்றில் ஒரு அம்மா என் பேச்சைக் கேட்டுவிட்டு, "நீங்கள் இந்தியாவோ?" என்று கேட்டார். இல்லை, றொசல்ல, ஹட்டன் பக்கம் என்றேன். "ஓ, தோட்டப் பக்கமோ" என்று இப்படித்தான் நிமிர்ந்தார். பிறகு பேச்சு சமையலுக்குப் போய்விட்டது. அன்றைக்கு நான் விட்டுவிட்டேன். இன்றைக்கு விடுவதாக இல்லை.

"வெளிப்பக்கம் நல்லா இருக்கு. உள்பக்கம் எப்படின்னு எனக்குத் தெரியாது" என்றார் பரிசோதகர். "சூட்டுல ஒரு எடத்துல பிளந்தா தீப்பிடிக்கும். பேர் உள்ள பட்டறையில செஞ்சத வாங்கிப் போட்டுட்டு வாங்க, கையெழுத்துப் போடறேன்."

"பேரு எனக்கும் இருக்கு" என்றேன். ஷாலினி என் கையைப் பிடித்து இழுத்தாள்.

5

வீட்டுக்கு வரும் வழியெல்லாம் சண்டை. "வாங்கிப் போட்டுடலாம் அம்மா. யார் செஞ்சா என்ன, கார் ஓடினா சரி" என்றாள் அவள். யார் செய்தால் என்னவா? மூன்று வருஷம் என் பக்கத்தில் இருந்த பிள்ளை சொல்லும் பேச்சா இது? நான் மாட்டேன் என்றேன். "உங்க பிடிவாதத்தாலதான் கார விக்கப் போறேன்" என்று கதவைச் சாத்திக்கொண்டாள்.

மறுநாள் காலை என்ஜினை ஓடவிட்டேன். ஒரு பொட்டுப் புகை இல்லை. அதற்கு மறுநாளும் இல்லை. எனக்குள் ஒரு சந்தேகம் வளர்ந்தது. தங்கச்சிக்கு ஃபோன் போட்டேன்.

"வேணும்னே செஞ்சிருப்பானுங்க அக்கா" என்றாள் அவள். "நம்ம ஆளுங்கன்னா எல்லாருக்கும் எளக்காரந்தான். ஒயில கியில ஊத்தியிருப்பானுங்க."

அது பைத்தியக்காரத்தனம் என்று எனக்கே தெரியும். அவர் பக்கத்திலேயே நான் நின்றேன். இருந்தாலும் அந்தப் பேச்சு எனக்கு இனித்தது. நான்கு நாள் அதையே மென்றுகொண்டிருந்தேன். வேலையில் குழாய் இணைக்கும்போதுகூட மனதுக்குள் அந்த மனிதரோடு ஆங்கிலத்தில் வாதாடினேன். மனதுக்குள் என் ஆங்கிலம் பிரமாதமாக வரும்.

சனிக்கிழமை பக்கத்து வீட்டில் மரம் வெட்ட லொறி வந்தது. திரும்ப இடமில்லை, எங்கள் காரைக் கொஞ்சம் எடுக்கச் சொன்னார்கள். நான் பின்னோக்கி எடுத்து, தெருமுனையில் ரோடு சமமாக இருக்கும் இடத்தில் நிறுத்தினேன். ஐந்து நிமிஷ வேலைதானே என்று என்ஜினை அணைக்கவில்லை. லொறிக்காரர்கள் நிதானமாகக் கயிறு கட்டினார்கள். கண்ணாடியில் பார்த்தேன். பின்னால் நீலப் புகை.

இறங்கி நின்று எங்கள் வீட்டைப் பார்த்தேன். பிறகு காரைப் பார்த்தேன். எங்கள் வீடு சரிவில் இருக்கிறது. வாங்கும்போது அவளுடைய அப்பா சமமான காணி தேடினார். சமமான இடத்தில் எனக்குத் தலை சுற்றுகிறது என்று நான்தான் இதைப் பிடித்தேன். கார் எப்போதும் மூக்கு மேலே, வால் கீழேயாகத்தான் நிற்கும். அந்தச் சாய்விலேயே நான் எல்லாக் குழாயும் வைத்தேன்.

டர்போவுக்குள் ஒயில் மேலிருந்து வந்து, தன் பாரத்தால் தானே கீழே வடிந்து என்ஜின் தொட்டிக்குத் திரும்ப வேண்டும். தோட்டத்துப் பீலிக் குழாயில் தண்ணீர் இறங்கி வருகிற மாதிரிதான். அதற்கு நான் வைத்த குழாய் என் கண்ணுக்கு நல்ல சரிவாகத் தெரிந்தது. நான் பார்த்தது குழாயின் சரிவை அல்ல, நிலத்தின் சரிவை. சமதரையில் அந்தக் குழாய் படுத்துக் கிடந்தது. ஒயில் இறங்க முடியாமல் டர்போவுக்குள் தேங்கி, ஓரத்தால் கசிந்து எரிந்திருக்கிறது. பரிசோதகரிடம் ஓட்டிக்கொண்டு போனபோதும் புகைத்திருக்கும். பின்னால் வந்தவர்கள் பார்த்திருப்பார்கள், நாங்கள் பார்க்கவில்லை. ரசமட்டத்தை எடுத்து வந்து கராஜ் தரையில் வைத்தேன். குமிழி ஒரு பக்கமாக ஓடி ஒட்டிக்கொண்டு நின்றது.

நம்மில் யாரையாவது கேளுங்கள், லயத்திலிருந்து, காலையில் வேலைக்கு ஆள் பிரிக்கும் பெரட்டுக்களம் வரைக்கும் ஒரு சமமான இடம் காட்டச் சொல்லுங்கள். நின்றாலும் நடந்தாலும் ஒரு கால் மேலே, ஒரு கால் கீழே. சரிவு என்பது எங்களுக்குத் தெரியாது, ஏனென்றால் அதுதான் எங்களுக்குத் தரை. இப்படி ஒரு தப்பை மலைநாட்டுக்காரர்களைத் தவிர யாரும் செய்ய மாட்டார்கள். எனக்கு வெட்கமாகவும் இருந்தது, சிரிப்பாகவும் வந்தது.

ஷாலினியின் கதவைத் தட்டிச் சொன்னேன். அவள் எழுந்து வந்து காருக்கு அடியில் படுத்தாள். கொஞ்ச நேரம் கழித்து கை வெளியே வந்தது. ஒன்றும் கேட்கவில்லை, விரல்களை மட்டும் ஆட்டினாள். நான் ஸ்பேனரை வைத்தேன். அந்த வார இறுதியில் பழைய குழாயைக் கழற்றி எறிந்துவிட்டு, அகலமாக, நேர் கீழாக இறங்கும் புதியதைச் செய்து, தெருமுனையில் நிறுத்தியே பூட்டினோம். அவளுடைய அப்பா வந்து பார்த்துவிட்டு, "காணி வாங்கக்குள்ளயே சொன்னேன்" என்றார்.

புகை விஷயத்தில் அந்த மனிதர் சொன்னது சரி, நான் தப்பு. அதை ஒத்துக்கொண்டதும் மற்ற விஷயத்தில் என் கோபம் குறைந்துவிடும் என்று நினைத்தேன். கூடத்தான் செய்தது. புகைத்தது குறை, திருத்திவிட்டேன். வீட்டில் செய்தாள் என்பது குறையா?

6

இரண்டாம் தடவை கார் புகைக்கவில்லை. அவர் வேண்டுமென்றே வெகுநேரம் ஓடவிட்டார். என்ன குறை என்று நானே சொன்னேன், வீட்டுச் சரிவையும் சொன்னேன். அவர் சிரித்தார், நல்ல மனிதர் சிரிக்கும் சிரிப்புத்தான்.

மெனிபோல்ட் அதேதான் இருந்தது. அதை மாற்றவில்லை என்று நான் சொல்வதற்கு முன் அவரே கை காட்டி நிறுத்தினார். "நீங்க வேலை செய்யிறது பால் குழாய் கம்பெனியிலதானே? பேர் உள்ள கம்பெனி. இத அவங்க செஞ்சதுன்னு ஒரு வரி எழுதி வாங்கிட்டு வாங்க. இன்னைக்கே கையெழுத்துப் போடறேன். எல்லாருக்கும் சுலபம்."

"வீட்டுல செஞ்சதுன்னே போட்டா?"

"அப்ப இதே மாதிரி இன்னொண்ணு நீங்க செஞ்சு குடுக்கணும். ஆய்வுக்கூடத்துல அத அறுத்துப் பாப்பாங்க. வாரக்கணக்கா ஆகும்."

ஷாலினி போக வேண்டியது அந்த ஞாயிற்றுக்கிழமை. என் முதலாளி கேட்டால் எழுதிக் கொடுத்துவிடுவார், நல்ல மனுஷன். கார் அவளோடு போகும். இவ்வளவு எழுதிய நான், இத்தனை வீறாப்புப் பேசிய நான், சரி என்று சொல்ல வாயைத் திறந்துவிட்டேன். உங்களிடம் மறைக்க மாட்டேன், என் பெயரைவிட அந்தக் கை எனக்குப் பெரிதாக இருந்தது.

"வேணாம்" என்றாள் ஷாலினி.

அவர் அவளைப் பார்த்தார். நானும் பார்த்தேன்.

"கம்பெனி செய்யல. எங்க அம்மா செஞ்சாங்க. நான் பக்கத்துல இருந்தேன். அதையே எழுதுங்க."

"கார் இல்லாம எப்படிப் போவ?" என்றேன்.

"பஸ்ஸில."

அவர் பேனாவை எடுத்து, செய்தவர் யார் என்று கேட்டார். எனக்கு முன் அவள் சொன்னாள். "ராஜேஸ்வரி மாரிமுத்து." வேலையில் என்னை எல்லாரும் ராஜ் என்றுதான் கூப்பிடுவார்கள், அவர்கள் வாய்க்கு அவ்வளவுதான் வரும் என்று நானும் விட்டிருந்தேன். என் மகள் முழுப் பெயரையும், எங்கள் அப்பாவின் பெயரோடு, நிறுத்தி நிதானமாகச் சொன்னாள். அவர் திருப்பிச் சொல்லிப் பார்த்தார், தப்பாக வந்தது. அவள் மறுபடி சொன்னாள். சரியாக வரும்வரை விடவில்லை.

வெளியே வந்ததும் நான் கத்தினேன். "என்ன வேல புள்ள செஞ்ச? நீதானே சொன்ன, யாரு செஞ்சா என்னன்னு?"

அவள் சாவியை விரலில் சுற்றிக்கொண்டே நின்றாள். பிறகு தமிழில், ஒவ்வொரு சொல்லாகத் தேடி எடுத்துச் சொன்னாள். "சொன்னேன். ஆனா அவரு வேற பேரு போடச் சொன்னதும் எனக்குப் பொறுக்கல. நீங்க செஞ்சத வேற ஆளு பேருல ஓட்ட எனக்கு ஏலாதும்மா."

கார் நிறுத்தும் இடத்தில் நின்றபடியே நான் அழுதேன். அவள் தடுக்கவில்லை.

7

அவள் பஸ்ஸில் போனாள். இரண்டு பெட்டி, ஒரு தலையணை. அன்று மாலையே நான் கராஜுக்குள் போய் இரண்டாவது மெனிபோல்டுக்குக் குழாய் அறுக்கத் தொடங்கினேன். அறுக்கும் வேலை அவளுடையது என்பதால் எனக்குக் கோணலாகவே வந்தது. மூன்று துண்டு வீண். செய்து முடித்து ஆய்வுக்கூடத்துக்குக் கொடுத்தேன். அவர்களுக்குப் பிடித்த இடத்திலெல்லாம் அறுத்துப் பார்த்தார்கள். பரிசோதகர் ஃபோன் செய்து, உள்பக்கம் சுத்தம், கையெழுத்துப் போட்டுவிட்டேன் என்றார். நன்றி சொன்னேன். பாராட்டும் சொன்னார். அதை இங்கே எழுதப் போவதில்லை, அதற்காக நான் செய்யவில்லை.

சான்றிதழ் நேற்று வந்தது. காரை நானே ஓட்டிக்கொண்டுபோய்க் கொடுப்பதாக முடிவு செய்துவிட்டேன். தங்கச்சி பதறினாள்.

"அம்புட்டுத் தூரம் தனியாவா? அத்தான் என்னா சொல்றாங்க?"

"வரவான்னு கேட்டாரு. வேணாம்னுட்டேன்."

"வழியில நின்னுச்சுன்னா?"

"நின்னா எறங்கிப் பாப்பேன். நான் செஞ்சதுதானே."

"நீ திருந்த மாட்ட அக்கா" என்று ஃபோனை வைத்தாள். நீங்கள் இதைப் படிக்கும்போது ஹட்டனில் பாதிப் பேருக்கு அது தெரிந்திருக்கும்.

இன்று காலை ஷாலினி பேசினாள், தமிழும் ஆங்கிலமுமாக. அங்கே ஹொஸ்பிட்டல் அம்புலன்ஸ் ஓட்டும் பெண்ணிடம் பழைய கார் ஒன்று இருக்கிறதாம். அதற்கு எந்தக் கடையின் மெனிபோல்டும் உட்காரவில்லையாம். "எங்க அம்மா செய்வாங்கன்னு சொல்லிட்டேன்" என்றாள். கொஞ்சம் நிறுத்தி, முழுத் தமிழில் சொன்னாள்: "அதனால வந்ததும் திரும்பிப் போயிராதீங்கம்மா. கொஞ்ச நாள் நில்லுங்க. அறுக்கிறதுக்கு நான் இருக்கேன்."

வெல்டிங் மெஷினை டிக்கியில் ஏற்றிவிட்டேன். எப்போது திரும்பி வருவாய் என்று அவளுடைய அப்பா கேட்கிறார். வேலை முடிந்ததும் என்றேன்.